நின்றுபோன பிடி அரிசி

உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று எடுத்து வைப்பது மதுரைப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளில் பழைய வழக்கம். எங்கள் வீட்டில் மறதியாலும் வண்டாலும் அது நின்றுபோயிருந்தது.

பிடி அரிசி போடும் கலயம் பரணில் இருந்ததுதான் மறதிக்குக் காரணம். இப்போது அரிசி டின்னுக்குள்ளேயே, அளக்கும் படிக்குப் பக்கத்தில் மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு. உலைக்கு அளந்ததும், களைவதற்கு முன், அளந்த அரிசியிலிருந்தே ஒரு பிடி தூக்குக்குள். மாதக் கடைசியில் மிஞ்சியதை மொத்தமாக அள்ளிப் போடுவது காணிக்கை ஆகாது. முதற்பலன் என்றால் முதலில் எடுப்பது. நாம் பொன்னி சாப்பிட்டுவிட்டு ரேஷன் அரிசியைப் போடுவதும் எனக்கு மனசு ஒப்பாது.

ஈரக் கை பட்டால் வண்டு வரும்; ஐப்பசி மழையில் சீக்கிரமே வரும். கையைத் துடைத்துவிட்டு எடுங்கள். உள்ளே நிழலில் காயவைத்த வேப்பிலை ஒரு கொத்து, காம்போடு நாலு மிளகாய் வற்றல். தூக்கைக் காலி செய்து வெயிலில் காயவைத்த பிறகே புது அரிசி.

என் கைப்பிடி சுமார் 50 கிராம். இரண்டு வேளை உலை வைத்தால் மாதம் 3 கிலோ சேரும். தேக்காமல் முதல் ஞாயிறே கோயிலில் சேர்த்துவிடுங்கள். கஷ்டப்படும் வீட்டுக்கு நேரே கொடுப்பதானால் தெரு அடங்கியபின், பெயர் எழுதாத துணிப்பையில்.