'ரைவல்ரி'யை எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது

போட்டியைப் பற்றி ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் நம் கைக்கு முதலில் வருவது 'காம்பெடிஷன்'. அதையே நாலு தடவை எழுதிவிட்டு, சரி, கொஞ்சம் மாற்றிப் போடலாம் என்று இணையத்தில் தேடினால் ரைவல்ரி, கான்டெஸ்ட், ஃப்யூட், ஹாஸ்டிலிட்டி, வென்டெட்டா என்று ஒரு நீளப் பட்டியல் வந்து நிற்கும். அதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். பட்டியல் எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் காட்டும், ஆங்கிலத்தில் பேசிப் பழகியவர்கள் அப்படிப் புழங்குவதில்லை.

எழுதுவதற்கு முன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இது ஒரு நாளில் முடிகிறதா, வருஷக்கணக்கில் நீள்கிறதா? இரண்டு பக்கமும் ஏறக்குறைய சம பலமா? நடுவில் வெறுப்பு இருக்கிறதா? நீள்கிறது, சம பலம் என்று முதல் இரண்டுக்கும் பதில் வந்தால் தயங்காமல் ரைவல்ரி என்று எழுதலாம். வெறுப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம், இந்தச் சொல்லுக்கு அது கட்டாயமில்லை. நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், ரைவல் என்றாலே எதிரி என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

டென்னிஸில் கிறிஸ் எவர்ட்டையும் மார்ட்டினா நவ்ரத்திலோவாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1973 முதல் 1988 வரை இருவரும் 80 முறை மோதினார்கள், மார்ட்டினா 43, கிறிஸ் 37. அதில் ஏதாவது ஒரு நாள் ஆட்டத்தைப் பற்றி எழுதினால் அது 'மேட்ச்' அல்லது 'கான்டெஸ்ட்', எதிரே நிற்பவர் 'அப்போனென்ட்'. அந்தப் பதினைந்து வருஷத்தையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் ரைவல்ரி. இத்தனைக்கும் இருவரும் நெருங்கிய தோழிகள். அதனால்தான் 'ஃப்ரெண்ட்லி ரைவல்ரி' என்று எழுத முடிகிறது. 'ஃப்ரெண்ட்லி என்மிட்டி' (நட்பான பகை) என்று யாரும் எழுத மாட்டார்கள்.

இதையே திருப்பிப் பாருங்கள். ஒரு வேலைக்கு இருநூறு பேர் மனுப் போட்டால் அது காம்பெடிஷன், அவர்களுக்குள் முன்பின் பழக்கமே கிடையாது. உங்கள் தெருவில் நேற்று திறந்த மளிகைக் கடை பழைய கடைக்குக் காம்பெடிஷன், பத்து வருஷம் ஒருவர் விலையை ஒருவர் பார்த்துப் பார்த்துக் குறைத்த பிறகு அது ரைவல்ரி. 'தி காம்பெடிஷன்' என்று சொன்னால் போட்டியாளர்களையே மொத்தமாகக் குறிக்கும், தொழில் சம்பந்தமான கடிதங்களில் இது நிறைய உதவும்.

ஃப்யூட் வேறு வகை. அதில் மனக்கசப்பு கட்டாயம், பெரும்பாலும் குடும்பத்துக்குள் அல்லது இரண்டு குடும்பங்களுக்கு இடையில் ஆரம்பித்து வருஷக்கணக்கில் புகையும். ஜெர்மனியில் ஹெர்ட்சோகனவுராக் என்ற சின்ன ஊரில் அடால்ஃப், ருடால்ஃப் என்ற டாஸ்லர் சகோதரர்கள் ஒன்றாக ஷூ கம்பெனி நடத்தினார்கள். 1948-ல் பிரிந்து அண்ணன் ருடால்ஃப் பூமாவைத் தொடங்கினார், அடுத்த வருஷம் தம்பி அடிடாஸைப் பதிவு செய்தார். இதைப் பற்றி எழுதினால் இரண்டு சொல்லும் தேவைப்படும்: அண்ணன் தம்பிக்குள் நடந்தது ஃப்யூட், பூமாவுக்கும் அடிடாஸுக்கும் நடுவில் இருப்பது ரைவல்ரி. ஆட்கள் போனபிறகும் கம்பெனிகளின் ரைவல்ரி தொடர்கிறது. அப்புறம், கூடப்பிறந்தவர்கள் சின்ன வயதில் பொம்மைக்கும் அம்மாவின் கவனத்துக்கும் அடித்துக்கொள்வதை ஃப்யூட் என்று சொல்லக்கூடாது, அதற்கு 'சிப்ளிங் ரைவல்ரி' என்றே தனிச் சொல் இருக்கிறது.

வென்டெட்டாவில் பழிவாங்கும் எண்ணம் இருக்க வேண்டும், ஆபீஸ் பூசலுக்கெல்லாம் அதை இழுக்காதீர்கள். என்மிட்டி மனதில் இருக்கும் பகை, ஹாஸ்டிலிட்டி நடத்தையில் தெரிகிற பகை.

'டிஸ்பியூட்' பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ரைவல் என்ற சொல்லின் லத்தீன் வேர், ஒரே ஓடையில் தண்ணீர் எடுக்கும் அக்கம்பக்கத்தாரைக் குறித்தது. ஆனால் தமிழ்நாடும் கர்நாடகமும் ஒரே ஆற்றுத் தண்ணீருக்காகப் போராடுவதை ஆங்கிலத்தில் ரைவல்ரி என்று சொல்வதில்லை. 1990-ல் அமைத்த நடுவர் மன்றத்தின் பெயரிலேயே 'வாட்டர் டிஸ்பியூட்ஸ்' என்றுதான் இருக்கிறது. காரணம், அங்கே யார் பெரியவர் என்ற கேள்வியே கிடையாது, யாருக்கு எவ்வளவு உரிமை என்பதுதான் கேள்வி. உரிமை, எல்லை, சம்பளம், சொத்து என்று தீர்ப்புச் சொல்லக்கூடிய விஷயம் வந்தால் டிஸ்பியூட் என்றே எழுதுங்கள்.

சரி, வாக்கியத்தில் வைப்பது எப்படி? இரண்டு பேருக்கு நடுவில் என்றால் 'பிட்வீன்', ஒருவர் பக்கமிருந்து சொன்னால் 'வித்', எதற்காக என்று சொல்ல 'ஃபார்' அல்லது 'ஓவர்'. முன்னால் வரும் அடைமொழியில் கவனம் வேண்டும். நாம் பேச்சில் 'ஹெவி காம்பெடிஷன்' என்போம், எழுத்தில் 'ஸ்டிஃப்' அல்லது 'ஃபியர்ஸ்' காம்பெடிஷன் என்பதுதான் இயல்பாக இருக்கும். ரைவல்ரிக்கு 'பிட்டர்', 'ஃபியர்ஸ்', 'லாங்ஸ்டாண்டிங்' மூன்றும் நன்றாகப் பொருந்தும்.

வினைச்சொல்லாக மாறும்போது ரைவல் வேறு வேலை செய்கிறது, இங்கே நிதானம் வேண்டும். 'ஐ ரைவல்டு வித் ஹிம்' என்று எழுதினால் தப்பு. வினையாக வந்தால் அதற்குப் பொருள் ஈடாக நிற்பது. உங்கள் அம்மாவின் பிரியாணி எந்த ஹோட்டல் பிரியாணிக்கும் குறைந்ததில்லை என்று சொல்ல 'ரைவல்ஸ்' சரியான சொல், 'வித்' வேண்டாம். ஈடே இல்லை என்றால் 'அன்ரைவல்டு'. மற்றபடி, போட்டி போடுவதைச் சொல்ல 'கம்பீட்' இருக்கிறது, கொஞ்சம் பத்திரிகை நடையில் 'வை' (vie) இருக்கிறது, அதில் '-இங்' சேர்த்தால் எழுத்து மாறி 'வையிங்' (vying) ஆகும், ஸ்பெல்லிங்கை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தேர்தலில் நிற்பதற்கு நாம் தாராளமாகச் சொல்லும் 'கான்டெஸ்டிங் ஃப்ரம்' நம் நாட்டு வழக்கு. பிரிட்டனில் 'ஸ்டாண்டிங்', அமெரிக்காவில் 'ரன்னிங்' என்பார்கள். 'கான்டெஸ்டட் தி வில்' என்று படித்தால் உயிலை எதிர்த்து வழக்குப் போட்டார்கள் என்று பொருள், பலர் குழம்பும் இடம் இது.

பேச்சில் வரும் தொடர்களில் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது 'நோ லவ் லாஸ்ட் பிட்வீன் தெம்'. கேட்டால் அன்பு குறையவில்லை என்பது போல இருக்கும். உண்மையில் இருவருக்கும் ஒருவரை ஒருவர் பிடிக்காது என்று பொருள். பழைய பகை இன்னும் ஆறவில்லை என்றால் 'பேட் பிளட்'. ஜெயிக்காவிட்டாலும் ஒருவர் மற்றவரைத் திணறடித்தால் 'கேவ் ஹிம் எ ரன் ஃபார் ஹிஸ் மனி', இதற்கும் பணத்துக்கும் சம்பந்தமில்லை.

உச்சரிப்பில் இரண்டே விஷயம். முதல் எழுத்து 'ரை', 'ரி' இல்லை. முதன்மைப் போட்டியாளரைக் குறிக்கும் 'ஆர்ச்-ரைவல்' என்பதில் வருவது 'சேர்' என்பதன் 'ச்', 'ஆர்க்கிடெக்ட்' போல 'க்' என்று சொல்லிவிடாதீர்கள்.