கூட்டு வைக்கக் கற்றுக்கொள்ளுங்கள், வாரம் முழுக்கச் சமாளிக்கலாம்

சென்னையில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறவர்கள் சமைக்க ஆரம்பித்தால் பெரும்பாலும் தக்காளி சாதம், எலுமிச்சை சாதம், இல்லையென்றால் நூடுல்ஸ். வயிறு நிறையும், தட்டில் காய் மட்டும் இருக்காது. உலக சுகாதார நிறுவனம் காயும் பழமுமாகச் சேர்த்து ஒரு நாளைக்கு 400 கிராமாவது சாப்பிடச் சொல்கிறது. மெஸ்ஸில் ஓரமாக வைக்கிற ஒரு கரண்டி பொரியல் அதற்குக் கிட்டவே வராது. அதனால்தான் முதலில் கூட்டு கற்றுக்கொள்ளுங்கள் என்கிறேன். பருப்பும் காயும் ஒரே குக்கரில் சேர்ந்து வேகும், எண்ணெய் ஒரு ஸ்பூன் போதும், காயை மாற்றிக்கொண்டே போனால் தினமும் வேறு சாப்பாடு.

3 லிட்டர் குக்கர், ஒரு சின்னத் தாளிப்புக் கரண்டி, ஒரு கத்தி, மிளகு தட்ட ஒரு குட்டி உரல், இவ்வளவு இருந்தால் தொடங்கலாம். இண்டக்ஷன் அடுப்பு என்றால் பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று கடையிலேயே பாருங்கள், சாதாரண அலுமினியக் குக்கர் அதில் சூடாகாது. இன்னொன்று, 2000 வாட் அடுப்பைச் சின்ன 6 ஆம்பியர் பிளக்கில் செருகவே செருகாதீர்கள், அது ஏறக்குறைய 1400 வாட்தான் தாங்கும். 16 ஆம்பியர் பாயின்ட் எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

சரி, கூட்டுக்கு வருவோம். இரண்டு பேருக்கு அரை டம்ளர் பாசிப்பருப்பு, கால் கிலோ சுரைக்காய். பருப்பைக் கழுவி, நறுக்கின காய், கால் ஸ்பூன் மஞ்சள்தூள், ஒன்றரை டம்ளர் தண்ணீர் சேர்த்து 3 விசில் விடுங்கள். பீர்க்கங்காய், புடலங்காய் என்றால் 2 விசிலே போதும், தண்ணீரும் கொஞ்சம் குறைவாக. இங்கே பல பகுதிகளில் போர் தண்ணீர் கடினமானது, அதில் இருக்கிற கால்சியத்தால் பருப்பு சீக்கிரம் குழையாது, எத்தனை விசில் விட்டாலும் விதை விதையாகவே நிற்கும், அதனால் பருப்புக்கு மட்டுமாவது கேன் தண்ணீர் ஊற்றுங்கள். ஆவி அடங்கினதும் திறந்து, ஒரு ஸ்பூன் சீரகமும் அரை ஸ்பூன் மிளகும் உரலில் ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டு, இரண்டு கைப்பிடி தேங்காய்த் துருவலும் உப்பும் சேர்த்து ஒரு கொதி விடுங்கள். மிக்ஸி தேவையே இல்லை. கடைசியாக ஒரு ஸ்பூன் எண்ணெயில் கடுகு வெடித்து, உளுத்தம்பருப்பு சிவந்ததும் கறிவேப்பிலையும் ஒரு சிட்டிகை பெருங்காயமும் போட்டு அப்படியே குக்கரில் கொட்டி உடனே மூடுங்கள். மணம் உள்ளேயே தங்கும். தேங்காய் சேர்த்தது இந்த ஊர் வெயிலுக்குத் தாங்காது, ஃபிரிட்ஜ் இல்லையென்றால் அந்த வேளையிலேயே தீர்த்துவிடுங்கள்.

மிளகு, சீரகம், தனியா எல்லாம் முழுசாக 50 கிராம், 100 கிராம் என்று வாங்குங்கள். பொடித்து வைத்தால் வாசனை சீக்கிரம் போய்விடும், கடற்கரை ஊரின் ஈரத்தில் கட்டியும் தட்டும். மசாலா பாக்கெட்டுகளை நம்பினால் எல்லாக் குழம்பும் ஒரே ருசியாகத்தான் இருக்கும், சிலவற்றில் உப்பும் ஏற்கெனவே கலந்திருக்கும், பின்னால் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருப்பது நல்லது, ஊறுகாயும் அப்பளமும் சேர்ந்தால் அது எளிதில் தாண்டிவிடும். மிளகில் இருக்கிற பைப்பரின், மஞ்சளின் குர்குமினை உடம்பு எடுத்துக்கொள்ள உதவுகிறது, ஆகவே இரண்டும் சேர்ந்து இருப்பது நல்லதுதான், அதற்காக மஞ்சளை மருந்தாக நினைத்து அள்ளிப் போட்டால் கசக்கும்.

காய்க்குத் திருவல்லிக்கேணிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஜாம்பஜார், கிண்டி பக்கத்தவர்களுக்கு சைதாப்பேட்டை மார்க்கெட். நாலு பேர் சேர்ந்து தங்கியிருந்தால் வாரத்துக்கு ஒருமுறை விடியற்காலையில் கோயம்பேடு போய்ப் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் பூசணி, சேனை, சௌசௌ, முட்டைகோஸ் மாதிரி தாங்குகிற காயை வாரக் கடைசிக்கு ஒதுக்குங்கள். கொசுறாகக் கேட்டு வாங்குகிற கறிவேப்பிலையை ஈரம் போகத் துடைத்து, காகிதம் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள். புதினா வாங்கினால் இலையை ஆய்ந்துவிட்டுத் தண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள், ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தி வைத்தால் வேர் விடும், அப்புறம் தொட்டியில் ஊன்றிக்கொள்ளலாம். கற்பூரவல்லிக்கு அந்தக் கவனிப்பு கூட வேண்டாம், ஒரு கிளையை ஒடித்து மண்ணில் குத்தினால் வந்துவிடும்.

கீரையைக் காலையிலேயே வாங்குங்கள், மதியத்துக்குள் வாடிவிடும். கழுவும்போது அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிறைய விட்டு, கீரையைக் கையால் மேலே அள்ளி எடுங்கள். தண்ணீரைச் சாய்த்தால் அடியில் படிந்த மண் திரும்பக் கீரை மேலேயே வந்து விழும். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால் வாயில் நறநறக்காது. அரைக்கீரையோ சிறுகீரையோ, நறுக்கி மூடாமல் வேகவைத்தால் பச்சை நிறம் மாறாது, வெந்த பாசிப்பருப்பில் கலந்து அதே மிளகு, சீரகம், அதே தாளிப்பு. இறக்கின பிறகு அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். கீரையில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள அந்த வைட்டமின் சி உதவும், தேநீர் அதைத் தடுக்கும். ஆகவே சாப்பிட்ட கையோடு டீக்கடைக்குப் போகாதீர்கள், ஒரு மணி நேரமாவது போகட்டும்.