பணம் கட்டுவதற்கு முன் கவுன்ட்டருக்குப் போங்கள்

போன மாதம் நள்ளிரவில் தம்பி மகன் போன் செய்தான். கல்யாணமானபின் இருவரும் போகும் முதல் வெளிநாட்டுப் பயணம். "பெரியப்பா, இணைப்பு விமானத்தைத் தவறவிட்டுவிட்டோம். கவலைப்படாதீர்கள், வேறு விமானத்தில் இடம் இருக்கிறது, டிக்கெட் எடுக்கப் போகிறேன்" என்றான். "பணம் கட்டாதே!" என்று நான் போட்ட கூச்சலில் விழித்துக்கொண்ட என் மனைவி, கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "நீங்கள் செய்ததையே அவனும் செய்கிறானா?"

அதையேதான் செய்யப் பார்த்தான். பாஸ்போர்ட் நகல், காப்பீடு, பவர் பேங்க் பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும். இருவராக வெளிநாடு போகும்போது, சிக்கல் வந்தபின் பதற்றத்தில் செய்யும் தவறுகளைத்தான் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

தவறவிட்ட விமானத்துக்குப் பதிலாகத் தாமே டிக்கெட் எடுப்பது

நாங்கள் எடுத்திருந்தது ஒரே டிக்கெட். போக இரண்டு விமானம், வர இரண்டு. விமானம் மாறும் ஊரில் ஒன்பது மணி நேர இடைவெளி. சும்மா உட்கார்ந்திருப்பானேன், ஊரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளப்பியவன் நான். திரும்பும் வழியில் போக்குவரத்து நெரிசல். வாயிலுக்கு மூச்சிரைக்க ஓடி வந்தபோது கதவைச் சாத்திவிட்டார்கள். விமானம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டுதான் இருந்தது. அதன் வயிற்றிலிருந்து எங்கள் நீலப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஏறாத பயணியின் பெட்டியைப் பன்னாட்டு விமானம் ஏற்றிச் செல்லக்கூடாது என்பது பாதுகாப்பு விதி. பிடியில் மனைவி கட்டிய சிவப்பு நாடாவைக்கூடப் பார்க்க முடிந்தது.

"கவுன்ட்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே" என்றாள். தாமதத்துக்குக் காரணம் நான்தான் என்பதால் கேட்க வெட்கம். "போனது போனதுதான்" என்று சொல்லிவிட்டு, நின்ற இடத்திலேயே வேறு நிறுவனத்தில் இரண்டு ஒருவழி டிக்கெட் எடுத்தேன். சிக்கலை ஐந்து நிமிடத்தில் தீர்த்துவிட்ட பெருமிதம் வேறு.

ஒரு வாரம் ஊர் சுற்றினோம். திரும்பும் நாளன்று கவுன்ட்டரில் இருந்த பெண் தட்டச்சு செய்தார், திரையைப் பார்த்தார், மறுபடி தட்டச்சு செய்தார். "உங்கள் டிக்கெட் அன்றைக்கே ரத்தாகிவிட்டதே" என்றார்.

ஒரே டிக்கெட்டில் உள்ள விமானங்களில் வரிசை மாறாமல் பறக்க வேண்டும். நடுவில் ஒன்றில் ஏறாவிட்டால் 'நோ ஷோ' என்று குறித்து, அதற்குப் பின்னால் உள்ள அத்தனையையும் பெரும்பாலான நிறுவனங்கள் ரத்து செய்துவிடும். நான் வேறு வழியாக ஊர் போய்ச் சேர்ந்தது அந்தக் கணினிக்கு எப்படித் தெரியும்? யாரும் அழைத்தும் சொல்லவில்லை. விடுதி அறையைக் காலி செய்தாகிவிட்டது. அன்று ஒரு விமானத்திலும் இடமில்லை. இரவு முழுவதும் விமான நிலைய நாற்காலியில் கிடந்து, மறுநாளைக்கு மூன்றாம் முறையாகப் பணம் கட்டினேன். கடைசி நேர ஒருவழி டிக்கெட்டுகளுக்குக் கொடுத்தது, முதலில் எடுத்த இருவழி டிக்கெட்டைவிட அதிகம். இன்னும் வயிறு எரிகிறது.

அந்த நீலப் பெட்டிக்காகவாவது அன்று கவுன்ட்டருக்குப் போயிருக்கலாம். போய்ச் சேர்ந்த ஊரில்தான் அதைப் பற்றி விசாரித்தேன். மூன்று நாள் கழித்து வந்தது. உரிய இடத்தில் கேட்டிருந்தால் டிக்கெட் கதையும் அப்போதே தெரிந்திருக்கும்.

ஆகவே, தாமதமாகிறது என்று தெரிந்தவுடனே, முடிந்தால் விமானம் கிளம்புவதற்கு முன்பே, நிறுவனத்திடம் சொல்லுங்கள். "மீதிப் பயணம் எங்களுக்கு வேண்டும்" என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கட்டணம் கேட்கலாம், மறுக்கவும் செய்யலாம். எதுவானாலும் செலவு எவ்வளவு என்று தெரிந்து முடிவெடுப்பீர்கள். ஒரே டிக்கெட்டில் அவர்களுடைய முதல் விமானமே தாமதமாகித்தான் அடுத்தது போனதென்றால், மாற்று விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் வேலை. நீங்கள் பணம் எடுக்கவே வேண்டாம். இரண்டு பேராகப் போவதில் ஒரு வசதி உண்டு: ஒருவர் வரிசையில் நிற்கட்டும், மற்றவர் வாடிக்கையாளர் எண்ணுக்கு அழைக்கட்டும். யாருக்கு முதலில் பதில் கிடைக்கிறதோ அது போதும். நாங்களோ, சேர்ந்து நின்று சண்டை போட்டோம்.

தம்பி மகன் கவுன்ட்டருக்குப் போனான். மறுநாள் காலை விமானத்தில் இருவருக்கும் இடம் கிடைத்தது.

கோபத்தில் பணத்தைத் திரும்ப வாங்குவது

விமானத்தை நிறுவனமே ரத்து செய்தால் கதை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் விமானங்களுக்கு 261/2004 என்ற ஒழுங்குவிதி இருக்கிறது. பணமா, மாற்று விமானமா என்று தேர்வு செய்யும் உரிமை பயணிக்கு உண்டு. மாற்று விமானம் என்றால், அதுவரை சாப்பாடு, தேவைப்பட்டால் தங்கும் அறை, இரண்டு தொலைபேசி அழைப்புகள் நிறுவனத்தின் பொறுப்பு. புயலே காரணமானாலும் இவை உண்டு, இழப்பீடுதான் கிடைக்காது. "உன் விமானமே வேண்டாம், காசைக் கொடு" என்று வாங்கிக்கொண்டால் அத்தோடு அவர்கள் கைகழுவிவிடலாம். அறைக்கும் புது டிக்கெட்டுக்கும் நீங்களே அலைய வேண்டியதுதான்.

வீட்டு சிம்மைக் கழற்றித் தொலைப்பது

வங்கியின் ஓடிபி அதற்குத்தான் வரும்.

கூட்டத்தில் பிரிந்தபின் இருவரும் தேடுவது

ஒருவர் அசையக்கூடாது. அது யார் என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள். ரயிலில் ஒருவர் ஏறிக் கதவு மூடிக்கொண்டால், ஏறியவர் அடுத்த நிலையத்தில் இறங்கி நிற்கட்டும். மற்றவர் அடுத்த ரயிலில் வரட்டும்.

ஒருவர் தங்கும்போது டிக்கெட்டைப் பிரிக்காமல் விடுவது

ஒருவருக்கு உடம்பு சரியில்லை, மற்றவர் போயே ஆக வேண்டும் என்றால், விமானம் கிளம்பும் முன் பிஎன்ஆரை, அதாவது இருவருக்கும் பொதுவான முன்பதிவை, இரண்டாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். தங்குபவரின் தேதியைத் தனியாக மாற்றிக்கொள்ளலாம்.

யார் தவறு என்று அங்கேயே தீர்த்துக்கொள்வது

வேண்டாம்.

பாஸ்போர்ட்டைக் காணோம் என்று பதறிப் புகார் கொடுப்பது

திருட்டு என்று உறுதியாகத் தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. வெறுமனே காணோம் என்றால், முதலில் இருவர் பெட்டியையும் தரையில் கொட்டித் தேடுங்கள். தொலைந்ததாகத் தூதரகத்தில் பதிவு செய்துவிட்டால் பெரும்பாலும் அந்த பாஸ்போர்ட் ரத்தாகிவிடும். அந்த எண் இன்டர்போலின் தரவுத்தளத்துக்கும் போய்ச் சேரலாம். பிறகு கிடைத்தாலும் பயன்படுத்தக்கூடாது. பதிலுக்குக் கிடைக்கும் அவசரச் சான்றிதழ் பொதுவாகச் சொந்த நாடு திரும்புவதற்கு மட்டும்தான். மீதிச் சுற்றுலா அத்தோடு முடிந்தது. கணவனும் மனைவியும் வெவ்வேறு நாட்டுக் குடிமக்கள் என்றால் அவரவர் தூதரகத்துக்குத்தான் போக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் புகார் கொடுத்துவிட்டு அறைக்குத் திரும்பினார். அவருடைய பாஸ்போர்ட் மனைவியின் கைப்பைக்குள், வரைபடத்தின் மடிப்பில் இருந்தது.