கணினி ஒலியையும் நம் குரலையும் தனித்தனித் தடங்களில் பதிவுசெய்தல்: திரைநவிலி பயன்படுத்துவோருக்கான செய்முறை

பார்வையற்ற நண்பர் ஒருவருக்கு ஒரு மென்பொருளைத் தொலைவிலிருந்து கற்பிக்க வேண்டுமானால், திரைநவிலி (திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) பேசுவதும் நாம் விளக்குவதும் ஒரே பதிவில் தெளிவாகக் கேட்க வேண்டும். கைப்பேசியை ஸ்பீக்கர் அருகே வைத்துப் பதிவுசெய்தால் மின்விசிறி இரைச்சலில் பாதிச் சொற்கள் அமுங்கிவிடுகின்றன. ஒலித்திருத்த மென்பொருளான ஆடாசிட்டி ஒரு நேரத்தில் ஒரு கருவியிலிருந்து மட்டுமே ஒலியை வாங்கும் என்பதால், பதிவுக்கு ஓபிஎஸ் ஸ்டூடியோவையும் திருத்தத்துக்கு ஆடாசிட்டியையும் நான் பரிந்துரைக்கிறேன். இரண்டும் இலவசம்.

முதலில் ஹெட்போனை மாட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் வரும் என்விடிஏ என்ற திரைநவிலியின் குரலை மைக் மறுபடியும் பிடித்து எதிரொலியாக்கும். அடுத்து, என்விடிஏ விசையுடன் (வழக்கமாக இன்சர்ட்) ஷிப்ட், டி இரண்டையும் சேர்த்து அழுத்தி, அது பேசும்போது பிற ஒலிகளைத் தணிக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள். நமக்குப் பழகிய பேச்சு வேகம் புதியவருக்குப் புரியாது என்பதால் அதையும் குறைத்துவிடுங்கள்.

ஓபிஎஸ்ஸின் செட்டிங்ஸில் ஆடியோ பகுதிக்குச் சென்று, டெஸ்க்டாப் ஆடியோவுக்கு என்விடிஏ பேசும் அதே கருவியையும், மைக் என்ற இடத்தில் உங்கள் மைக்கையும் தேர்ந்தெடுங்கள். பிறகு அவுட்புட் பகுதியில் அவுட்புட் மோடை அட்வான்ஸ்ட் என மாற்றி, ரெக்கார்டிங் தாவலில் கோப்பு வடிவமாக எம்கேவியைத் தேர்ந்தெடுங்கள். பதிவின் நடுவே மின்சாரம் போனாலும் அதுவரை பதிவானது இவ்வடிவத்தில் கெடாமல் இருக்கும்.

இனி வருவதுதான் என்னைத் தடுக்கிவிட்ட இடம். எடிட் பட்டியலிலுள்ள அட்வான்ஸ்ட் ஆடியோ ப்ராப்பர்ட்டீஸில் ஒவ்வோர் ஒலிக்கும் ஒன்று முதல் ஆறு வரை தடங்களுக்கான தேர்வுப்பெட்டிகள் இருக்கும். டெஸ்க்டாப் ஆடியோவுக்கு முதல் தடத்தை மட்டும், மைக்குக்கு இரண்டாம் தடத்தை மட்டும் விட்டுவைத்து மற்றவற்றின் தேர்வை நீக்கினேன். அத்துடன் வேலை முடிந்ததென நம்பி நாற்பது நிமிடப் பாடம் ஒன்றைப் பதிவுசெய்தேன். கேட்டுப் பார்த்தால் என்விடிஏ மட்டும் பேசிக்கொண்டிருந்தது. என் குரல் ஒரு சொல்கூட இல்லை. எந்த ஒலி எந்தத் தடத்துக்குச் செல்ல வேண்டும் என்பதைத்தான் இந்தப் பெட்டிகள் தீர்மானிக்கின்றன. எந்தெந்தத் தடங்கள் கோப்பில் எழுதப்பட வேண்டும் என்பதை, முன்னர் சொன்ன ரெக்கார்டிங் தாவலில் உள்ள ஆடியோ டிராக் பெட்டிகள் தீர்மானிக்கின்றன. அங்கே முதல் தடம் மட்டுமே தேர்வாகியிருந்தது. ஆகவே அங்கும் இரண்டாம் தடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அரை நிமிடம் பதிவுசெய்து கேட்டுப் பார்த்த பிறகே பாடத்தைத் தொடங்குங்கள்.

பதிவைத் தொடங்கவும் நிறுத்தவும் ஹாட்கீஸ் பகுதியில் குறுக்குவிசைகளை அமைத்துக்கொண்டால், ஓபிஎஸ் சாளரத்துக்குத் திரும்பாமலே பணியாற்றலாம். பதிவுப் பொத்தானை அழுத்தும்போது, காணொலிக்கான மூலம் (சோர்ஸ்) எதுவும் சேர்க்கப்படவில்லை என ஓர் எச்சரிக்கை வரக்கூடும். நமக்கு ஒலி மட்டுமே தேவை என்பதால் ஆம் எனச் சொல்லித் தொடரலாம்.

ஆடாசிட்டியில் எம்கேவி கோப்பைத் திறக்க பலவகை ஒலி, காணொலிக் கோப்புகளைப் படிக்க உதவும் எஃப்எஃப்எம்பெக் என்ற துணை மென்பொருள் தேவை. திறக்கும்போது எந்த ஒலித்தடங்கள் வேண்டும் என்று கேட்கும், இரண்டையும் தேர்ந்தெடுங்கள். மேல், கீழ் அம்புக்குறிகளால் தடம் மாறி, ஷிப்டுடன் ஜி அழுத்தி ஒவ்வொன்றின் ஒலியளவையும் தனியே திருத்தலாம். நாம் இருமியிருந்தால் நம் தடத்தில் அந்த இடத்தை மட்டும் அமைதியாக்கலாம். என்விடிஏவின் பேச்சில் ஓர் எழுத்தும் குறையாது.

பிற்சேர்க்கை: இம்முறையைப் பின்பற்றிய நண்பர் ஒருவர், எல்லாமே தொலைபேசிக் குரல்போல் கேட்கிறது என்றார். அவர் ப்ளூடூத் ஹெட்செட்டின் மைக்கைப் பயன்படுத்தியிருந்தார். அந்த மைக் இயங்கத் தொடங்கியதும் ஹெட்செட் அழைப்புக்கான முறைக்கு மாறி, ஒலித்தரம் குறைந்துவிடுகிறது. மடிக்கணினியின் சொந்த மைக்கையோ கம்பியுள்ள மைக்கையோ தேர்ந்தெடுத்தால் இச்சிக்கல் வராது.