கண்ணும் காதும் மோதாத காணொளிப் பாடம்: தயாரிக்கும் முறை

ஸ்லைடு மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு வரி எழுதுங்கள்: பாடம் முடிந்ததும் பார்த்தவர் எதைச் செய்து காட்ட வேண்டும்? "இதயத்தைப் பற்றி அறிவார்" என்பது உதவாது. "ரத்தம் செல்லும் பாதையைப் படத்தில் வரிசையாகக் காட்டுவார்" என்றால் உதவும். அதைச் சோதிக்கும் மூன்று கேள்விகளையும் அப்போதே எழுதிவிடுங்கள். அவற்றுக்கு விடை காண உதவாத எதையும், எவ்வளவு சுவையானதாக இருந்தாலும், வெட்டிவிடலாம்.

பிறகு பேச்சை எழுதுங்கள். நிமிடத்துக்கு 90 முதல் 100 சொற்கள் போதும். எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு வாங்கும் வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள். நேரில் ஒருவரிடம் "நீங்கள்" என்று பேசுவதுபோல இருந்தால் நல்லது. பாடநூல் நடை காதில் ஏறாது.

பெரும்பாலான பாடங்கள் கெடுவது திரையில்தான். முழுப் பத்தியைப் போட்டு, அதையே குரலும் படிக்கும். கண் படிக்கும் வேகம் வேறு, குரலின் வேகம் வேறு. பார்ப்பவர் இரண்டையும் ஒத்துப்பார்த்துக்கொண்டே இருப்பார். படத்தைப் பார்க்க அவருக்குக் கண் மிச்சமிருக்காது. படமும் குரலும் மட்டும் உள்ள பாடம், அதே சொற்களைத் திரையிலும் காட்டும் பாடத்தைவிட நன்றாகப் புரிகிறது என்று உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் சோதனைகள் காட்டின. எனவே திரையில் படமும் இரண்டு மூன்று சொற்களும் மட்டும் இருக்கட்டும். புதிய கலைச்சொல், சூத்திரம் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. காது கேளாதவர்களுக்கும் அந்த மொழிக்குப் புதியவர்களுக்கும் சப்டைட்டில் தேவை. வேண்டியவர் போட்டுக்கொள்ளும்படி அதைத் தனியாகக் கொடுங்கள்.

பெயர்களை உறுப்பின் மேலேயோ பக்கத்திலேயோ எழுதுங்கள். 1, 2, 3 என்று எண் போட்டு ஓரத்தில் பட்டியல் வைத்தால் கண் அங்கும் இங்கும் ஓடும், அதற்குள் குரல் அடுத்த இடத்துக்குப் போய்விடும். "வால்வு மூடுகிறது" என்று சொல்லும் கணத்திலேயே வால்வு மூட வேண்டும். அப்போது பேசும் பகுதிக்கு மட்டும் நிறம் கொடுத்து, மற்றதை மங்கலாக்குங்கள். பின்னணி இசை தலைப்போடு நிற்கட்டும்.

இதயப் பாடம் என்றால் ஆரிக்கிள் (மேல் அறை), வெண்ட்ரிக்கிள் (கீழ் அறை), வால்வு ஆகிய பெயர்களை முதல் நிமிடத்தில் தனியாக அறிமுகம் செய்த பின் இயக்கத்தைக் காட்டுங்கள். பெயரையும் இயக்கத்தையும் சேர்த்துத் தந்தால் புதியவர் இரண்டையும் தவறவிடுவார். ஏற்கெனவே தெரிந்தவருக்கோ இந்த அறிமுகம் சுமை. தாண்டிப்போக வழி வையுங்கள். ஐந்தாறு நிமிடத்துக்கு ஒரு பகுதி, அதன் முடிவில் ஒரு கேள்வி. விடை சொன்ன பிறகே "தொடர்க" பொத்தான் வரட்டும்.

ஒலிப்பதிவில் மைக் வாயிலிருந்து 15 முதல் 20 செ.மீ. தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். நேரே வைத்தால் 'ப' வரும் இடமெல்லாம் காற்று அடிக்கும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

வெளியிடும் முன் பாடத்துக்குப் புதியவர்கள் மூன்று பேரைக் கைபேசியில் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் விளக்கம் சொல்லாதீர்கள். எங்கே பின்னோக்கி ஓட்டுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். இருவர் ஒரே இடத்தில் ஓட்டினால் அந்தப் பகுதியைத் திருத்தி எடுங்கள். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். அதற்குப் பதில் தொடக்கத்தில் எழுதிய அந்த மூன்று கேள்விகளைக் கொடுங்கள், ஒரு வாரம் கழித்து மறுபடியும் கொடுங்கள்.