ஆஸ்பத்திரி இருக்கிற ஊருக்கே பணமும் போகலாமா? சுகாதார நிதிப் பங்கீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வருஷம் கொடுத்ததற்கு மேல் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பது. பிராந்தியங்களுக்குச் சுகாதார நிதியைப் பிரிக்கும்போது மிக எளிதாக நடந்துவிடும் தவறு இதுதான். பிரிட்டனில் 1948-ல் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியபோது, பழைய ஆஸ்பத்திரிகள் எங்கே இருந்தனவோ அங்கேயே பணமும் போனது. லண்டன் பக்கம் அதிகம், வடக்கே இருந்த தொழில் நகரங்களுக்குக் குறைவு. கால் நூற்றாண்டுக்கு மேல் இந்தச் சாய்வு நீடித்தது. 1976-ல் நிதிப் பங்கீட்டுப் பணிக்குழு இங்கிலாந்துக்குக் கொடுத்த அறிக்கைதான் கணக்கை மாற்றியது: ஒரு வட்டாரத்தில் எத்தனை பேர், என்ன வயது, ஆணா பெண்ணா, இறப்பு விகிதம் எவ்வளவு என்று பார்த்துப் பிரிக்கச் சொன்னது. அதையும் ஒரே வருஷத்தில் வெட்டிக் குறைக்காமல் படிப்படியாகச் செய்தார்கள்.

சரி, நோயாளிகளின் எண்ணிக்கையை வைத்துப் பிரித்தால் நியாயம்தானே? இல்லை. இந்தத் தவறு நல்லெண்ணம் உள்ளவர்களையும் ஏமாற்றிவிடும். டாக்டரே வராத மலைக் கிராமத்தில் ஓ.பி. சீட்டு குறைவாகத்தான் பதிவாகும். அங்கே நோய் இல்லை என்று அர்த்தமா? பஸ் இல்லை, ஒரு நாள் கூலியை விட முடியாது, போனாலும் டாக்டர் இருப்பாரா என்று தெரியாது. அதனால் வலியோடு வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். சீட்டை எண்ணிப் பணம் கொடுத்தால், அவர்களுடைய இல்லாமையே அடுத்த வருஷமும் பணம் வராததற்குக் காரணமாகிவிடும். காப்பீட்டுத் திட்டங்களிலும் இதே கதிதான். பட்டியலில் சேர்ந்த மருத்துவமனைகள் நிறைந்த நகரத்திலிருந்து கிளெய்ம் அதிகம் வரும், பணமும் அங்கேயே போய்ச் சேரும்.

அப்புறம், வெறும் தலைக்கணக்கு. இந்தியாவில் மருத்துவமனைகள் மாநிலப் பட்டியலில் உள்ளவை. அவற்றின் செலவில் பெரும்பகுதியை மாநிலங்கள் தங்கள் பொது வருவாயிலிருந்தே பார்க்கின்றன. மத்திய வரிப் பங்கும் அந்த வருவாயில் சேரும். அந்தப் பங்கை மாநிலங்களுக்கு எப்படிப் பிரிப்பது என்று பரிந்துரைத்த 15-வது நிதிக் குழு, 2011 மக்கள்தொகையை எடுத்துக்கொண்டது. குடும்பக் கட்டுப்பாட்டில் முந்திய மாநிலங்கள் நஷ்டப்படக்கூடாது என்று அதற்குத் தனியாக 12.5 சதவீத எடையும் வைத்தது. ஆனால் வயதுக்கென்று எடை எதுவும் வைக்கவில்லை. முதியோர் விகிதம் அதிகமுள்ள கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் சர்க்கரை நோய், டயாலிசிஸ், பக்கவாதச் செலவுகள் ஏறிக்கொண்டே போகும். பீகாருக்குக் கூடுதல் பணம் தேவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்தச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

"நீ 40 போடு, நான் 60 தருகிறேன்" என்று மத்திய அரசு மாநிலத்திடம் சொல்லும் ஏற்பாட்டிலும் கவனம் வேண்டும். தேசிய சுகாதார இயக்கத்தில் பெரும்பாலான மாநிலங்களுக்கு இந்த விகிதம்தான். வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு மத்திய அரசு 90, மாநிலம் 10. தன் பங்கைப் போட வழியில்லாத மாநிலம் வரவேண்டிய பணத்தையும் தாமதமாகப் பெறும், சிலசமயம் இழக்கும்.

பிலிப்பைன்ஸ் செய்த தவறு வேறு மாதிரி. 1991-ம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின்படி மாகாண மருத்துவமனைகள் மாகாண அரசுகளின் கைக்கு வந்தன. ஆனால் வரிப் பகிர்வில் மாகாணங்களுக்கு 23 சதவீதம், நகரங்களுக்கும் 23, நகராட்சிகளுக்கு 34, கிராம அளவிலான பாரங்காய்களுக்கு 20 என்று வைத்தார்கள். செலவு பிடிக்கும் ஆஸ்பத்திரி ஒரு கையில், பெரிய பங்கு இன்னொரு கையில். பொறுப்பை மாற்றும்போது அதோடு சேர்ந்த செலவையும் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

கடைசியாக, கட்டடத்துக்குப் பணம் ஒதுக்கிவிட்டு ஆளுக்கு ஒதுக்காமல் விடுவது. 15-வது நிதிக் குழு உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கு 70,051 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. 2021 முதல் 2026 வரைக்கானது. துணை சுகாதார நிலையக் கட்டடம், பரிசோதனை வசதி எல்லாம் அதில் வரும். ஐந்து வருஷ மானியம் முடிந்த பிறகும் அந்தக் கட்டடத்தில் நர்ஸ் உட்கார்ந்திருக்க வேண்டுமே. உங்கள் ஊரில் புது நிலையம் அறிவித்தால், எத்தனை பணியிடம், சம்பளம் யார் கணக்கில், எத்தனை வருஷத்துக்கு என்று கிராம சபையிலேயே கேளுங்கள்.