மசோதாவா, சட்டமா? முதலில் அதைப் பாருங்கள்

டெல்லி அரசியல் பேச நாலு பேர் சேர்ந்தாலே சத்தம் கூடிவிடும். பாதிச் சண்டை கருத்துக்காக நடப்பதில்லை. ஒருவர் மசோதாவைப் பற்றி, அதாவது இன்னும் சட்டமாகாத முன்வரைவைப் பற்றிப் பேசுவார், இன்னொருவர் சட்டத்தைப் பற்றிப் பேசுவார். ரெண்டும் ஒன்று என்று நினைத்து நானே ஒரு தடவை டீக்கடையில் தொண்டை கிழியக் கத்தி அசடு வழிந்திருக்கிறேன்.

அதனால் வாய் திறக்கும் முன், பேசும் விஷயம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். அறிமுகமானதா, இரு அவைகளிலும் நிறைவேறியதா, குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்ததா, அரசிதழில் வந்து அமலுக்கு வந்ததா? அப்புறம் சட்டத்தை எப்படிச் செயல்படுத்துவது என்று சொல்லும் விதிகள் என்று ஒன்று தனியாக இருக்கிறது. குடியுரிமைத் திருத்தச் சட்டம் 2019 டிசம்பரில் நிறைவேறி, 2020 ஜனவரி 10-ல் அமலுக்கு வந்தது. அதன்படி குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழிசெய்யும் விதிகள் வெளியானது 2024 மார்ச்சில்தான். இடைப்பட்ட நாலு வருடமும் "வந்துவிட்டது", "வரவில்லை" என்று சண்டை போட்ட ரெண்டு பேருமே ஒருவகையில் சரிதான்!

மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் அரசியலமைப்புத் திருத்தமும் அப்படித்தான். 2023-ல் நிறைவேறியபோதே, மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே நடைமுறை என்று அதிலேயே எழுதியிருந்தது.

பார்க்க ரெண்டு நிமிடம் போதும். நாடாளுமன்ற இணையதளத்தில் மசோதாவின் பெயரைத் தேடினால் நிலை தெரியும். மசோதாக்களை ஆராயும் பிஆர்எஸ் லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் என்ற அமைப்பின் தளத்தில் சுருக்கமும் இருக்கும், ஆனால் ஆங்கிலத்தில்.